லேக் வியூ

இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. பெரிய ஏரிகள் என்று எண்ணினால் மொத்தம் பதினாறு. வேர்ட்ஸ்வொர்த் அங்கே பிறந்து, அங்கே நடந்து, அதைப் பற்றியே எழுதித் தீர்த்தார். 1951-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2017-ல் யுனெஸ்கோ வந்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்று முத்திரை குத்திவிட்டுப் போனது. சாஃப்ட்வேர் கம்பெனியில் பிள்ளை வேலை பார்க்கும் பெற்றோர்கள் லண்டன் போனால், ஒரு வாரக் கடைசியில் அங்கே போய், குல்லாய் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். அழகுதான். மறுக்கவில்லை.

நம்மிடமும் ஒரு ஏரி மாவட்டம் இருக்கிறது. பெயர் செங்கல்பட்டு. நீர்வளத் துறையின் கணக்கில் மட்டும் 528 ஏரிகள். ஊராட்சி ஒன்றியங்கள் வைத்திருக்கும் சின்ன ஏரிகள் தனி. குளம், குட்டை, தாங்கல் எல்லாம் அதற்கும் தனி. பதினாறு எங்கே, ஐந்நூற்று இருபத்தெட்டு எங்கே? தாம்பரம் தாண்டியதும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், செங்கல்பட்டு ஸ்டேஷன் வருவதற்கு முன் கொளவாய் ஏரி கடல் மாதிரி விரியும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பியிருப்பீர்கள்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு புனித மலையும் உண்டு. திருக்கழுக்குன்றம். கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகிற பஸ்ஸில் ஏறினால் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். மாமல்லபுரத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். சனி, ஞாயிறு ஆனால் ஈ.சி.ஆரில் காரை விரட்டிக்கொண்டு போய், கடற்கரைக் கோயிலைப் பார்த்து, வறுத்த மீன் சாப்பிட்டு, சங்கு மாலை பேரம் பேசித் திரும்பும் ஜனத்தில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள்? ‘அங்கே என்ன சார் இருக்கு?’ என்பார்கள்.

இருக்கிறது. ஐந்நூறுக்கு மேல் படிகள் இருக்கின்றன. உச்சியில் வேதகிரீஸ்வரர் இருக்கிறார். நாலு வேதங்களே மலையாக நிற்கின்றன என்பது ஐதீகம். கீழே பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஊருக்குள் சங்கு தீர்த்தம் என்று சுமார் பன்னிரண்டு ஏக்கரில் ஒரு குளம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதில் சங்கு பிறக்கும் என்பார்கள். கடைசியாக 2024 மார்ச்சில் பிறந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது.

இங்கே ஆதித்த சோழன் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஸ்கந்தசிஷ்யன் என்ற அரசன் கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காப்பாற்றினார், அதை நான் மறுபடி உறுதி செய்கிறேன் என்கிறான் ஆதித்தன். கவனியுங்கள். ஒரு வம்சம் கொடுத்ததை அடுத்த வம்சம் வந்து ரத்து செய்யவில்லை. முந்தைய ஆட்சியின் திட்டம் என்று பெயரை மாற்றி வைக்கவுமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர்களுக்கு அரசியல் தெரியவில்லை, பாவம்.

மலையிலேயே ஒருகல் மண்டபம் என்று ஒரு பல்லவர் குடைவரை. அதன் சுவரில் டச்சுக்காரர்கள் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில், அதாவது இன்றைய கல்பாக்கத்தை ஒட்டி, துணி வியாபாரம் செய்ய வந்தவர்கள். வியாபாரத்துக்கு நடுவே மலையேறி, காற்று வாங்கி, பேரையும் வருஷத்தையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் பேர் எழுதும் கெட்ட பழக்கத்துக்குக் காதலர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

இதையெல்லாம் டூரிஸ்ட் கைடு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பேரிலேயே இருக்கும் கழுகு எங்கே என்று கேட்கத்தான்.

நாற்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். மத்தியானம் ஆனால் இரண்டு வெள்ளைப் பறவைகள் வரும். பாறையில் காத்திருக்கும் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார். தின்றுவிட்டுப் பறந்துபோகும். காலையில் கங்கையில் குளித்துவிட்டு, இங்கே சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ராமேஸ்வரம் போகிற ரிஷிகள் என்று நம்பிக்கை. பறவை நூல்களில் அதன் பெயர் மஞ்சள் முகப் பாறு. ஆங்கிலத்தில் எகிப்தியன் வல்ச்சர். பிணம் தின்னி ஜாதிதான், ஆனால் பொங்கலும் சாப்பிடும். 1990-களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது.

ஏன் நின்றது? ‘கலி முத்திப்போச்சு சார். பாவம் பெருகிடுச்சு’ என்பதுதான் நம் பதில். பாவம் என்பது சரி. அந்தப் பாவத்துக்கு ஒரு பெயர் உண்டு: டைக்ளோஃபினாக். மூட்டு வலிக்கு நீங்களும் நானும் முழுங்குகிற அதே வலி மாத்திரை. 1990-களில் அது மாட்டு வைத்தியத்துக்கு வந்தது. மலிவு. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. கொத்துக் கொத்தாகச் செத்தன. 2004-ல்தான் காரணத்தைக் கண்டுபிடித்து நேச்சர் இதழில் எழுதினார்கள். 2006-ல் இந்திய அரசு மாட்டுக்குப் போடுவதைத் தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறு என்ற இனம் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்குக்கு வந்துவிட்டது. மஞ்சள் முகப் பாறும் அதே காலத்தில் வேகமாகச் சரிந்தது. கழுக்குன்றத்தில் கழுகு நின்ற வருஷங்களும் இந்த வருஷங்களும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துகின்றன.

பறவைதானே, போனால் போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாறுகள் ஒழிந்ததால் செத்த மாடுகள் அப்படியே கிடந்து, தண்ணீர் கெட்டு, நாய்கள் பெருகி, 2000-லிருந்து 2005-க்குள் இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த முனிசிபாலிட்டி வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தது யார் என்று, அது செத்த பிறகுதான் தெரிந்தது.

ஏரி விஷயமும் இதேதான். அதற்காகத்தான் உங்களை மலை ஏற்றினேன். வெயிலுக்கு முன்னால், காலையிலேயே ஏறிவிடுங்கள். கல் சுடும். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். மேலே ரோப் கார் வரப்போகிறது என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதற்காகக் காத்திருக்காமல் நடந்தே போங்கள். உச்சியில் நின்று நாலா பக்கமும் பாருங்கள்.

வரிசையாகப் பச்சையும் பளபளப்பும் மாறி மாறித் தெரியும். பளபளப்பு ஏரி. பச்சை, அதன் ஆயக்கட்டு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில், அரை வட்டமாக ஒரு மண் கரை. கரையில் மதகு. அதைத் திறந்தால் வயலுக்குத் தண்ணீர். கரையின் ஓரத்தில் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சம் அது வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசி ஏரி பாலாற்றிலோ கழிமுகத்திலோ போய்ச் சேரும். கரெண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, என்ஜினீயருக்கு டி.ஏ. கிடையாது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்து, மாசி, பங்குனி வரை கொடுக்கும் மெஷின் இது. இங்கிலாந்து ஏரிகளைப் பனிப்பாறை தோண்டிக் கொடுத்தது. இவற்றை மனிதன் கூடையில் மண் சுமந்து கட்டினான். நியாயமாகப் பார்த்தால் யுனெஸ்கோ முதலில் இங்கே வந்திருக்க வேண்டும்.

இந்த மெஷினின் ஒரே குறை, சித்திரை, வைகாசியில் அது காலி மைதானம் மாதிரி தெரியும். அதுதான் வினை. வறண்டு கிடப்பது ஏரியின் தோல்வி இல்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பட்டணத்துக் கண்ணுக்கு அது ‘சும்மா கிடக்கிற இடம்’. சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தால் நமக்குக் கை துறுதுறுக்கும். அரசாங்கத்துக்கு நம்மைவிட அதிகமாகத் துறுதுறுக்கும்.

இதில் நமக்கு முன் அனுபவம் இருக்கிறது. சென்னையில் மாம்பலம் நெட்டேரி என்று ஒன்று இருந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றைக்கும் லேக் வியூ ரோடு இருக்கிறது. போய்ப் பாருங்கள். ரோடு இருக்கிறது, வியூவும் ஒருமாதிரி இருக்கிறது, லேக்தான் இல்லை. வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது தியேட்டரே சிரித்தது. ஏரியைக் காணோம் என்று ஒருவர் புகார் கொடுத்தால் எந்த இன்ஸ்பெக்டர் வாங்குவார்? நுங்கம்பாக்கத்து ஏரியில் வள்ளுவர் கோட்டம். நீர் இன்றி அமையாது உலகு என்று சொன்னவருக்கு ஏரியைத் தூர்த்துக் கோட்டம் கட்டிய பெருமை உலகத்தில் நமக்கு மட்டும்தான். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில். ஆக்கிரமிப்பு வழக்கை அங்கேதான் விசாரிப்பார்கள்.

இப்போது செங்கல்பட்டின் முறை. ஜி.எஸ்.டி. ரோட்டிலும் ஓ.எம்.ஆரிலும் பிளாட் விளம்பரங்களைப் படியுங்கள். ‘லேக் வியூ’, ‘லேக் ஃப்ரன்ட்’ என்றால் சதுர அடிக்கு ரேட் கூடுதல். முதலில் ஆயக்கட்டு மனையாகும். வயல் போய்விட்டதால் மதகு திறக்க அவசியமில்லை. மதகு துருப்பிடிக்கும். அப்புறம் வரத்துக் கால்வாயில் காம்பவுண்டு சுவர் எழும்பும். ஏரிக்குத் தண்ணீர் வராது. தண்ணீர் வராத ஏரி, ஆயக்கட்டு இல்லாத ஏரி, அதற்கு ஏரி என்று எதற்குப் பெயர்? ஃபைல் தானாக நகரும். ஒருநாள் பெருமழை பெய்யும். 2015 டிசம்பரில் பெய்த மாதிரி. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரைக்கும் வந்தது வெள்ளம் இல்லை சார். வீட்டுச் சொந்தக்காரர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் நீங்கள் உள்ளே குடியிருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது எங்கே பாய்கிறது என்று பாருங்கள். கரையில் குடிசை போட்டவன் வீட்டுக்கு புல்டோசர் வரும். உள்ளே கட்டடம் கட்டியவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும், அதற்கு அவர் வக்கீல் பதில் வரும், அதற்கு வாய்தா வரும். போதாக்குறைக்கு 2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்றை சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமல் நிறைவேற்றினார்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத ‘சிறப்புத் திட்டம்’ என்றால், உள்ளே சிக்கும் ஓடை, வாய்க்கால், நீர்நிலையோடு சேர்த்து நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்கலாம். 2007-ல் பூட்டுப் போட்டவர்கள் 2023-ல் சாவி செய்தார்கள். இரண்டும் ஒரே கட்சி ஆட்சியில் நடந்தது. எதிர்க்கட்சி மட்டும் உத்தமமா? 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகக் குறைக்கப் பார்த்தது அவர்கள் ஆட்சிதான். ஊர்க்காரர்கள் சத்தம் போட்டதால் அது நிற்கிறது. தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தால் பறவை பயப்படும் என்று தலைமுறை தலைமுறையாக வெடிக்காமல் இருக்கும் ஊர் அது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பெருமையைப் போய் அந்த ஊர்க்காரர்களுக்குக் கொடுங்கள்.

நான் படித்தது பி.காம். அதனால் எதைப் பார்த்தாலும் வரவு செலவு பார்க்கும் புத்தி போகாது. நெம்மேலியில், மாமல்லபுரம் போகிற வழியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. 2013-ல் ஒன்று. 2024 பிப்ரவரியில் இரண்டாவது, தினம் 15 கோடி லிட்டர், செலவு 1,516 கோடி ரூபாய். பக்கத்தில் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்று, மதிப்பீடு 4,276 கோடி. இரண்டாவது நெம்மேலி ஆலை வருஷம் முழுக்க ஒருநாள் கூட நிற்காமல் ஓடினால் கிடைப்பது 2 டி.எம்.சி.க்கும் குறைவு. மதுராந்தகம் ஏரியின் பழைய கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. மூன்று மதுராந்தகம் ஒரே ஒரு தடவை நிரம்பினால் அந்த ஆலையின் ஒரு வருஷ உற்பத்தி வந்துவிடும். மதுராந்தகத்தைத் தூர்வாரி ஆழப்படுத்த ஒதுக்கியது சுமார் 120 கோடி. அதற்கும் எத்தனை வருஷம் காத்திருந்தார்கள் தெரியுமா? விவசாயிகளைக் கேளுங்கள்.

2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டீர்களா, ஆலை வேண்டாம் என்கிறீர்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை. வானத்திலிருந்து இலவசமாக விழும் நல்ல தண்ணீரை, ஏரியைத் தூர்த்துக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து கரெண்ட் செலவழித்து உப்பு நீக்கித் திரும்ப எடுக்கிற கணக்கை எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வார் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு வியாதி புதிதாக வந்திருக்கிறது. அழகுபடுத்துதல். ஏரிக்கு நடைபாதை, கலர் விளக்கு, கம்பி வேலி, போட்டிங், ஊர்ப் பேருக்கு முன்னால் இதயம் போட்ட செல்ஃபி பாயின்ட். ரிப்பன் வெட்டப் பெரியவர்கள் வருவார்கள். சாக்கடை கலப்பது கலந்துகொண்டே இருக்கும், அதன் மேல் பெடல் போட் மிதக்கும். நடைபாதையே ஏரிக்குள்தான் போடுகிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கிண்ணம் மாதிரி சரிசமமாகத் தோண்டிக் கல் பதித்தால், ஓரத்து ஆழமில்லாத சேற்றில் இரை தேடும் நாரைக்கும் கொக்குக்கும் நிற்க இடம் இருக்காது. இவர்களுக்கு வேண்டியது ஏரி இல்லை, பெரிய சைஸ் நீச்சல் குளம்.

அந்த இங்கிலாந்துக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870-களில் மான்செஸ்டர் நகரம் தன் குடிதண்ணீருக்காக தேர்ல்மியர் ஏரியில் அணை கட்டப் போகிறது என்றதும் கவிஞர்களும் பாதிரியார்களும் சங்கம் வைத்துச் சண்டை போட்டார்கள். தோற்றார்கள். 1894-ல் தண்ணீர் மான்செஸ்டருக்குப் போனது. ஆனால் அந்தச் சண்டையில் இருந்த ரான்ஸ்லி என்ற பாதிரியார், அடுத்த வருஷமே இரண்டு பேரோடு சேர்ந்து நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கினார். இன்றைக்கு லேக் டிஸ்ட்ரிக்ட்டில் பெரிய நிலச்சுவான்தார் அந்த அமைப்புதான். அவர்கள் காட்சி கெட்டுப்போகும் என்று சண்டை போட்டார்கள். நாம் சோறும் தண்ணீரும் போவதற்கே சத்தம் போடவில்லை.

நம் பாட்டன்மார் அப்படி இருக்கவில்லை. பக்கத்து உத்திரமேரூருக்குப் போனால், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ம் வருஷங்களைச் சேர்ந்தவை, சுவரில் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் என்று மேடைக்கு மேடை பெருமையடிக்கிறோமே, அதுதான். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர். ஒரு வருஷப் பதவி. ஜனநாயகத்தை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று பிரதமர்கள் வரை மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஜனநாயகத்துக்கு ஏரியைக் காப்பது ஒரு முழுநேர வேலையாக இருந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளைக்காரன்கூடப் புரிந்துகொண்டான். 1790-களில் லியோனல் பிளேஸ் என்று ஒரு கலெக்டர். தர்மப் பிரபு என்று நினைத்துவிடாதீர்கள். வரி வசூலில் கறார் பேர்வழி. ஏரி உடைந்தால் நெல் இல்லை, நெல் இல்லாவிட்டால் வரி இல்லை என்ற கம்பெனிக் கணக்கு அவருடையது. மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில், கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்பதை அவர் பார்த்தார் என்பது ஊர்க் கதை. ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-ல் ஊருக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அன்றைக்கு ராமர் வந்தார், சரி. ஒவ்வொரு ஐப்பசிக்கும் வருவார் என்று நம்பித்தான் இப்போதைய நிர்வாகம் நடக்கிறது போலிருக்கிறது.

சரி, என்னை என்ன செய்யச் சொல்கிறாய் என்கிறீர்களா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் இந்த ஆறு நாள் கிராம சபை கூடும். இந்த மாவட்டத்தில் ஊராட்சி எல்லைக்குள் பிளாட் வாங்கிக் குடிபோன ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தச் சபையில் உட்கார உரிமை இருக்கிறது. லீவு நாள் என்று தூங்காமல் போங்கள். எங்கள் ஏரியின் சர்வே நம்பர் என்ன, பரப்பு எவ்வளவு, வரத்துக் கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது, கலங்கல் தண்ணீர் எங்கே போகிறது என்று நாலே நாலு கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிளாட் வாங்கப் போகிறவர்களுக்குக் கேள்வி இன்னும் சுலபம். பத்திரத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால், மாடல் ஃபிளாட்டின் பால்கனியில் நிறுத்தி லேக் வியூவைக் காட்டுவார் அந்த டை கட்டிய பையன். தம்பி, இந்த ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். கலங்கல் என்றால் என்ன சார் என்று அவன் திருப்பிக் கேட்டால், காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.